ஆறரை மாதப் பையன் இன்னும் தானாக உட்காரவில்லை, எப்படிப் பழக்குவது?

பையன் ஒரு மாதம் முந்திப் பிறந்தவன், தலையணை அணை கொடுத்தால்தான் உட்காருகிறான், பக்கத்து வீட்டுக் குழந்தையோ ஐந்தரை மாதத்திலேயே உட்கார்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள். முந்திப் பிறந்த குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது, எவ்வளவு முந்தியதோ அதைக் கழித்துவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் பையனுக்கு இப்போது ஐந்தரை மாதம்தான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. பிடிமானம் இல்லாமல் உட்காரும் வயது அதில் ஏறக்குறைய 4 மாதத்தில் தொடங்கி 9 மாதம் வரை நீள்கிறது. சராசரி 6 மாதம்.

என் மகள் எட்டாவது மாதம் முடியும் தறுவாயில்தான் உட்கார்ந்தாள். அதுவரை நான் பட்ட கவலை கொஞ்சமில்லை. தினமும் சோபா மூலையில் மூன்று தலையணைகளுக்கு நடுவே அவளைச் செருகி வைப்பேன். இரண்டு நிமிடத்தில் முதுகு கூன் போட்டு, தாடை நெஞ்சில் இடிக்க, மெல்லச் சரிந்துவிடுவாள். நிமிர்த்தி வைப்பேன், மறுபடி சரிவாள். தடுப்பூசிக்குப் போனபோது அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "தலையணைதானேம்மா உட்காருது? பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? தரையில விடுங்க" என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது.

குழந்தையின் உடம்பு மேலிருந்து கீழாகத்தான் வசப்படும். முதலில் கழுத்து நிற்கும், பிறகு மேல் முதுகு, கடைசியாக இடுப்பு. இந்த பலம் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும்போதும், கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தும்போதும், பொம்மைக்காகப் புரளும்போதும்தான் வரும். அதனால் உட்கார வைப்பதைவிடக் குப்புறப் போடுவதற்கே அதிக நேரம் கொடுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்; தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான். மொசைக், டைல்ஸ் தரை வழுக்கும். பாயோ கனமான ஜமுக்காளமோ விரியுங்கள்.

அந்த அம்மா காட்டித் தந்த இன்னொன்று: பிள்ளையை அக்குளில் பிடிக்காமல் இடுப்பில் பிடிக்க வேண்டும். நீங்கள் கால் நீட்டி உட்கார்ந்து, உங்கள் தொடைகளுக்கு நடுவே அவனை உட்கார வையுங்கள். இரு கைகளாலும் இடுப்பை மட்டும் பிடியுங்கள். மேல் உடம்பை நிமிர்த்தும் வேலை அவனுடையது. ஆடுவான், ஆடட்டும். முகம் சிவந்து சிணுங்கினால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடமாக, ஒரு நாளைக்குப் பல தடவை செய்தால் போதும். படுத்திருப்பவனைத் தூக்கும்போதும் இரு கைகளையும் பிடித்து நேராக இழுக்காமல், ஒரு பக்கமாகப் புரட்டி, முழங்கையை ஊன்ற விட்டுத் தூக்குங்கள். நாளைக்கு அவனே எழுந்து உட்காரப் போவது அந்த வழியில்தான்.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்பார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை ஆட்டும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதாவது உட்கார்ந்து கை கொட்டுவது. இதை என் மகளிடம் நேரில் பார்த்தேன். ஆறரை மாதத்தில் தவளை மாதிரி இரு உள்ளங்கைகளையும் பாயில் பதித்து உட்காருவாள். எச்சில் ஒழுகிப் பாய்க்கோரை நனையும், கால் விரல்கள் சுருண்டிருக்கும். முன்னால் ஒரு எவர்சில்வர் தம்ளர் வைப்பேன். அதற்காக ஒரு கையை எடுத்ததும் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவாள். சில வாரம் கழித்து, சாயும்போதே மற்றக் கையைப் பக்கத்தில் ஊன்றக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் சாயங்காலம் இரண்டு கையாலும் தம்ளரைத் தூக்கி வாயில் வைத்தாள். பாயில் ஒரு கையும் இல்லை. அடுப்பில் பால் பொங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

உங்கள் பையன் கை ஊன்றும் இடத்துக்கு வந்ததும், பொம்மையைத் தரையில் வைக்காமல் சின்ன டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். பார்வை மேலே போனால் முதுகு தானாக நிமிரும். முன்னாலும் பக்கத்திலும் கை ஊன்றிச் சமாளிப்பது முதலில் வரும். பின்னால் ஊன்றுவது கடைசியில்தான் வரும். அதனால் தலையணை வைப்பதானால் சாய்மானமாக முட்டுக் கொடுக்காமல், விழுந்தால் தாங்குகிற மாதிரி சற்றுத் தள்ளிப் பின்னால் போடுங்கள்.

வாக்கர் மட்டும் வேண்டாம். அது உட்காரவும் பழக்காது, நடக்கவும் பழக்காது. படியில் உருண்ட குழந்தைகள் ஏராளம். கனடாவில் 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

டாக்டரிடம் உடனே காட்ட வேண்டியவையும் உண்டு. இப்போதும் தலை நிற்காமல் தொங்குவது, உடம்பு துணி போலத் துவள்வது அல்லது விறைத்துக் கிடப்பது, ஒரு கையை மட்டுமே எப்போதும் பயன்படுத்துவது, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கழித்த கணக்கில் 9 மாதம் ஆகியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் இருந்தால் அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பரிசோதனையும் பயிற்சியும் அங்கே இலவசம்.

அப்புறம், இடுப்பு பலப்படத் தொடங்கிவிட்டால் ஒரு நொடிகூட கட்டில் மேல் தனியாக விடாதீர்கள். தொட்டில் கட்டியிருந்தால் அதையும் தாழ்த்திக் கட்டுங்கள். நேற்று வரை புரளத் தெரியாத பிள்ளை இன்று எட்டிப் பார்க்கும்.