ஊழியர்களுக்குப் பலன் தரும் நிகழ்நிலைப் பயிற்சியைத் தயாரிப்பது எப்படி?

நிகழ்நிலைப் பயிற்சியை எல்லோரும் முடித்துவிடுகிறார்கள், வேலையில் மட்டும் மாற்றமில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்குவது என் வேலை. எனக்கும் இதேதான் நடந்தது.

முதலில் நான் தயாரித்தது முக்கால் மணிநேர வீடியோ. கொழுந்தை வாட்டுவதிலிருந்து தூளைச் சலித்துத் தரம் பிரிப்பதுவரை எல்லாமே அதில் இருந்தது. கடைசியில் பத்துக் கேள்வி, எல்லோரும் பாஸ். அடுத்த வாரமே ஒரு தம்பி சரியாக வாடாத கொழுந்தை, இலையை உருட்டும் ரோலருக்கு அனுப்பிவிட்டான். வீடியோ பார்த்தாயா என்று கேட்டேன். "பார்த்தேன் சேர். ஆனா கையில எடுத்தா எது பதம்னு விளங்கல" என்றான்.

அந்தப் பதிலிலிருந்துதான் மறுபடி தொடங்கினேன். இப்போது அந்தப் பாடம் இரண்டே நிமிடம். மூன்று கைப்பிடிக் கொழுந்தை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்திக் காட்டுகிறோம். ஒன்று கையை விட்டதும் துள்ளி விரிகிறது, காம்பை மடக்கினால் 'டக்' என்று முறிகிறது. இன்னொன்று காய்ந்து சரசரக்கிறது. மூன்றாவது துவண்டு கிடக்கிறது, காம்பு முறியாமல் வளைகிறது. அங்கே வீடியோ நின்று, எதை ரோலருக்கு அனுப்புவீர்கள் என்று கேட்கும். தவறாகத் தொட்டால் 'பிழை' என்று சொல்வதோடு விடாமல், வாடாத இலை ரோலரில் நொறுங்கிச் சாறு வடிவதைக் காட்டுகிறோம்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி போகும், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இதற்குக் காரணம் இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, படித்ததை ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பாடம் முடிந்த கையோடு வைக்கும் பரீட்சையை நம்பி நான் ஏமாந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

மொழியிலும் கவனம் வேண்டும். 'உருட்டும் இயந்திரம்' என்று நான் எழுதியதைப் பார்த்து ஆட்கள் விழித்தார்கள். ரோலர் என்றால் ரோலர்தான். சிங்களத்தில் பேசுகிறவர்களுக்கு எங்கள் பேச்சை மொழிபெயர்க்காமல், அங்கேயே வேலை செய்யும் ஒருவரைப் பேசவைத்துத் தனியாகப் பதிவு செய்தோம். ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் வீடியோவின் அளவைக் குறைத்து, தொழிற்சாலையிலேயே போனில் ஏற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

அப்புறம், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. பாடம் பார்த்தவர் மறுநாள் மேற்பார்வையாளர் முன்னால் கொழுந்தைக் கையில் எடுத்துப் பதம் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால்தான் பாடம் முடிந்ததாகக் குறிப்போம்.

உங்கள் ஊழியர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், வீடியோ எடுக்கும் முன் இரண்டு நாள் அவர்கள் பக்கத்தில் நின்று, திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பாடத்தை அதற்கு மட்டும் செய்யுங்கள்.