பேழைக்குப் போகும் வரிப்பணம்

வணக்கம் ஐயா,

நான் சின்சினாட்டியில் வசிக்கிறேன். போன மாதம் பிள்ளைகளோடு கென்டக்கியில் உள்ள நோவாவின் பேழையைப் பார்த்துவிட்டு வந்தோம். 'ஆர்க் என்கவுன்ட்டர்' என்று பெயர். மரத்தால் ஆன பிரம்மாண்டமான கப்பல். பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்கு அரசு வரிச்சலுகை தந்திருக்கிறது என்று அலுவலக நண்பர் கோபப்பட்டார். ஊருக்கு நாலு பேர் வந்து, நாலு கடை ஓடினால் அரசு உதவுவதில் என்ன தவறு? நம் நாட்டிலும் கோயில்களுக்கு அரசுப் பணம் போகிறதே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகள் சந்தோஷப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. பைபிள் சொல்லும் 300 முழ நீளத்தை 510 அடியாகக் கணக்கிட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தச்சுவேலையை நான் குறைசொல்ல மாட்டேன். கட்டிய 'ஆன்ஸர்ஸ் இன் ஜெனிசிஸ்' அமைப்பு, பூமிக்கு வயது சுமார் 6,000 ஆண்டுதான் என்கிறது. அப்படி நம்பவும் ஊருக்குச் சொல்லவும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. எனக்குக் கேள்வி பணத்தைப் பற்றித்தான்.

பெரிய சுற்றுலாத்தலம் ஒன்றைக் கட்டினால், அங்கே வசூலாகும் விற்பனை வரியிலிருந்து முதலீட்டில் கால் பங்கு வரை பத்தாண்டுகளில் திருப்பித் தர கென்டக்கி சட்டத்தில் இடம் இருக்கிறது. பேழைக்கு அது சுமார் 1.8 கோடி டாலர். 2014 டிசம்பரில் ஆளுநர் ஸ்டீவ் பெஷியரின் அரசு அதைத் தர மறுத்தது. அங்கே வேலைக்குச் சேர அமைப்பின் மதக் கொள்கைகளை ஏற்கிறேன் என்ற விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்பது முக்கியக் காரணம். அமைப்பு வழக்குப் போட்டது. எல்லோருக்கும் பொதுவான திட்டத்திலிருந்து மதத்தைக் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்று 2016 ஜனவரியில் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய ஆளுநர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அந்த ஜூலையில் பேழை திறந்தது.

விலக்கக் கூடாது என்பது சரி. ஆனால் பொதுப்பணம் வாங்குகிறவர் வேலையையும் பொதுவில் வைக்க வேண்டாமா? டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரும் பெண் பூமியின் வயதைப் பற்றி என்ன நினைத்தால் என்ன?

இன்னொன்றை உங்கள் நண்பர் சொன்னாரா தெரியவில்லை. பேழை இருக்கும் வில்லியம்ஸ்டவுன் சின்ன ஊர். திட்டத்துக்காக அந்த நகராட்சி 6.2 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டது. நகராட்சி பொறுப்பேற்கும் கடன் இல்லை அது, உண்மைதான். ஆனால் அதை அடைக்க, பேழை கட்டும் சொத்து வரியில் 75 சதவீதம் 30 ஆண்டுகளுக்குத் திரும்பிப் போகிறது. அது போக, அங்கே வேலை பார்ப்பவர்களின் சம்பளத்திலும் 2 சதவீதம் பிடிக்கிறார்கள். வாரம் 500 டாலர் வாங்கும் ஒருவருக்கு 10 டாலர். கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவர், தன் முதலாளியின் கட்டடக் கடனைத் தன் சம்பளத்திலிருந்து அடைக்கிறார்! என்னால் இதைச் சுற்றுலா வளர்ச்சி என்று சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் அரசையும் மதத்தையும் பிரிக்கும் சுவர் வேண்டும் என்று கேட்டவர்கள் நாத்திகர்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் 1802-இல் அதிபர் ஜெஃபர்சன் 'பிரிக்கும் சுவர்' என்று எழுதியது டான்பரி ஊர் பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எழுதிய பதிலில். அந்த ஊர் இருக்கும் கனெக்டிகட் மாநிலத்தில் அவர்கள் சிறுபான்மையினர். அதற்கும் முன்பே, 1785-இல், வர்ஜீனியாவில் கிறிஸ்தவ போதகர்களுக்காக வரி போட மசோதா வந்தபோது, மூன்று பென்ஸ் கூடக் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்று, பின்னாளில் அதிபரான மேடிசன் எழுதினார். அரசு காசு கொடுத்தால் மதமே கெட்டுப்போகும் என்பதும் அவர் வாதம். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பக்தி உள்ளவர்கள்தான் இதில் முதலில் கவலைப்பட வேண்டும்.

அப்புறம், நம் நாடு. ஒரு மதத்தை வளர்க்கவென்றே ஒதுக்கும் வரியைக் கட்ட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது நம் அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு. அதே அரசியலமைப்பின் 290அ பிரிவு, திருவிதாங்கூரிலிருந்து 1956-இல் தமிழ்நாட்டுக்கு வந்த பகுதிக் கோயில்களுக்கு ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் தரச் சொல்கிறது. ஆனால் அதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கோயில் நிலங்களைத் திருவிதாங்கூர் அரசு எடுத்துக்கொண்டதற்கு ஈடாகத் தந்து வந்த பணம் அது. பேழைக்கு அப்படி எந்தப் பாக்கியும் இல்லை.

பிள்ளைகள் கேட்டால் மறுபடியும் கூட்டிப் போங்கள். டிக்கெட் பில்லில் விற்பனை வரி என்று ஒரு வரி இருக்கும், அதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். பத்தாண்டுக் கணக்கு முடிந்தாலும், கவுன்ட்டரில் இருக்கும் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடித்தம் நிற்கப்போவதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்