‘தி பாய் அண்ட் தி ஹெரன்’ பிடிக்கவில்லையா? கேள்விகளும் பதில்களும்

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘தி பாய் அண்ட் தி ஹெரன்’ 2023 ஜூலை 14 அன்று ஜப்பானில் வெளியானது. மறு ஆண்டு கோல்டன் குளோப், ஆஸ்கர் இரண்டையும் வாங்கியது. பார்த்துவிட்டு மனம் ஒட்டாமல் எழுந்து வந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கதை முழுக்க வெளிப்படும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கேள்வி: அண்ணா, எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பாதிக்கு மேல் ஒன்றுமே புரியவில்லை. குறை என்னிடமா?

இல்லை தம்பி. ‘பாதிக்கு மேல்’ என்று சொல்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. முதல் பாதி உங்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. போர்க்கால டோக்கியோ, மருத்துவமனைத் தீயில் அம்மாவை இழக்கும் சிறுவன் மஹிதோ, அப்பாவோடு கிராமத்துப் பெரிய வீட்டுக்குக் குடிபோவது, அங்கே அம்மாவின் தங்கை நட்சுகோவே சிற்றன்னையாகக் கர்ப்பத்தோடு நிற்பது. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது. வீட்டருகே இருக்கும் மாயக் கோபுரத்துக்குள் அவன் போன பிறகுதான் அந்த அடுக்கு குலைகிறது. கடல் வருகிறது, கூழைக்கடாக்கள் வருகின்றன, பிறக்கக் காத்திருக்கும் வாராவாரா உயிர்கள் வருகின்றன, மனிதனைத் தின்னும் கிளிகள், அப்புறம் கிளி ராஜா. ஒவ்வொன்றும் தனியாக அழகு. ஆனால் முந்தியது நடந்ததால்தான் இது நடக்கிறது என்ற பிடிமானம் கிடைப்பதில்லை.

இதே மியாசாகி 2001-இல் எடுத்த ‘ஸ்பிரிட்டட் அவே’யை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் பன்றியாகிவிட்டார்கள், இங்கே வேலை செய்யாவிட்டால் நீயும் விலங்காவாய், உன் பெயரை மறந்தால் வீடு திரும்ப முடியாது. சட்டம் இவ்வளவுதான். அந்த உலகம் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், சிறுமி அடுத்து என்ன செய்தாக வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இங்கே காணாமல் போன நட்சுகோவை மீட்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு சட்டம் எதுவும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. நீங்கள் தடுமாறியது நியாயம்தான்.

கேள்வி: பிடிக்கவில்லை என்று சொன்னால் ‘மியாசாகியின் வாழ்க்கை தெரியாமல் பேசாதே’ என்கிறார்கள். தெரிந்துகொண்டால் பிடித்துவிடுமா?

கொஞ்சம் உதவும். மியாசாகி 1941-இல் பிறந்தவர். அவருடைய குடும்பத் தொழிற்சாலை ஜீரோ போர் விமானங்களுக்கு உதிரி பாகம் செய்தது. 1945 ஜூலையில் அவர் இருந்த உட்சுனோமியா நகரின் மேல் குண்டு விழுந்தபோது அவருக்கு நான்கு வயது. போருக்குப் பிறகு அவருடைய அம்மா காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தார். படத்தில் அப்பாவின் தொழிற்சாலையிலிருந்து விமான ஓட்டியின் இருக்கைக்கு மேல் பொருத்தும் கண்ணாடி மூடிகளைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வரிசையாக அடுக்கும் காட்சி நினைவிருக்கிறதா? இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தக் காட்சியின் கனம் கூடும்.

இன்னொன்றும் உண்டு. கோபுரத்தின் உச்சியில் அந்த மாய உலகத்தைத் தாங்கி நிற்கும் பெரிய தாத்தா, 2018 ஏப்ரலில் காலமான இயக்குநர் இசாவோ தகஹாதா என்றும், மஹிதோவைக் கோபுரத்துக்கு இழுக்கும் பேசும் நாரை தன்னையே குறிக்கிறது என்றும் தயாரிப்பாளர் டோஷியோ சுசுகி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மஹிதோதான் மியாசாகி. தகஹாதாதான் மியாசாகியின் மூத்த சகா, வழிகாட்டி, போட்டியாளர் எல்லாம். அவர் இறந்த பிறகு கதையின் மையம் தாத்தாவிடமிருந்து நாரைக்கு நகர்ந்தது.

இவ்வளவும் தெரிந்துதான் நான் படத்தைப் பார்த்தேன். பெரிய தாத்தா பேசும் இடங்களில் எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் தகஹாதாவுக்கானது. அவரை அறியாத ஒருவருக்குத் திரையில் இருப்பது ஐந்து நிமிடத்துக்கு முன் வந்த ஒரு கிழவர் மட்டும்தான். படத்துக்கு வெளியே வைத்திருக்கும் சாவியை ரசிகனிடம் கேட்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒரு நல்ல பையன் தன் தலையில் தானே கல்லால் ஏன் அடித்துக்கொள்கிறான்? அந்த இடத்திலேயே படம் எனக்கு விட்டுப்போயிற்று.

நீங்கள் விட்ட இடத்தில்தான் படமே இருக்கிறது. அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

புதுப் பள்ளிக்கு முதல் நாள் அப்பாவின் காரில் போய் இறங்குகிறான் மஹிதோ. மற்ற பையன்களுக்கு அது பிடிக்கவில்லை. கைகலப்பு. அப்புறம் தனியாக வீட்டுக்கு நடந்து வருகிறான். வழியில் நிற்கிறான், கல்லை எடுக்கிறான், பக்கவாட்டுத் தலையில் ஒரே அடி. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மனக்குரலும் கிடையாது. நாம் எதிர்பார்ப்பதைவிட மிக அதிகமாக ரத்தம் கொட்டுகிறது. வீட்டில் கேட்டால் ‘விழுந்துவிட்டேன்’ என்கிறான்.

அந்தப் பொய்யைக் கவனியுங்கள். அவன் யார்மேலும் பழி போடவில்லை. ஆனால் யாரோ அடித்துவிட்டார்கள் என்று அப்பா முடிவு கட்டிப் பள்ளிக்குக் கிளம்புவார் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மகன் வாய் திறக்காமலேயே பழி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கும் போக வேண்டாம், அப்பாவின் கவனமும் தன் பக்கம் திரும்பிவிடும். துக்கத்தில் இருக்கும் ஒரு குழந்தைக்குள் இப்படி ஒரு வஞ்சம் இருக்கும் என்று காட்டிய அனிமேஷன் படங்கள் மிகக் குறைவு. மியாசாகியின் மற்ற படங்களில் வரும் பிள்ளைகள் பயப்படுவார்கள், அடம்பிடிப்பார்கள், அழுவார்கள். இப்படிக் கணக்குப் போட மாட்டார்கள்.

கடைசியில் பெரிய தாத்தா தீமை படியாத கற்களைக் காட்டி, ‘இதைக் கொண்டு உன் உலகத்தைக் கட்டு’ என்கிறார். மஹிதோ தன் தழும்பைத் தொட்டு, இது நானே போட்ட காயம், என்னுள் இருக்கும் தீமையின் அடையாளம், அந்தக் கற்களை நான் தொட முடியாது என்று மறுக்கிறான். அதுவரை யாரிடமும் சொல்லாததை அங்கேதான் சொல்கிறான். மறுபடி பார்க்கும் எண்ணம் இருந்தால் கிளிகள், கூழைக்கடாக்கள் எல்லாவற்றையும் அதன்போக்கில் விட்டுவிட்டு அந்தத் தழும்பை மட்டும் பின்தொடருங்கள். யார் அதைப் பார்க்கிறார்கள், யார் தொடுகிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: தாத்தாவின் 13 கற்களும் மியாசாகியின் 13 படங்கள்தானே?

பலர் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் 1979-இல் வந்த முதல் முழுநீளப் படத்திலிருந்து இதுவரை எண்ணினால் 12தான் வருகிறது. கணக்கை இழுத்துப் பொருத்த வேண்டாம். யாரோ கட்டிய உலகத்தை அடுத்தவன் தாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு எண்ணிக்கை தேவையில்லை.

கேள்வி: அண்ணா, மனைவி இறந்தால் அவள் தங்கையையே கட்டிக்கொள்வது நம் ஊரிலும் உண்டு, அதனால் அந்த வீட்டின் சங்கடம் எனக்கு உடனே புரிந்தது. ஆனால் நட்சுகோ திடீரென்று ‘உன்னை வெறுக்கிறேன்’ என்று கத்துவது சுத்தமாக ஒட்டவில்லை.

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் தங்கச்சி. படத்தின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் சந்திப்பிலேயே அவள் மஹிதோவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைக்கிறாள். அவன் கை விறைத்துப் போகிறது. ஒரு வார்த்தை இல்லாமல் இருவரின் நிலைமையும் சொல்லியாகிவிட்டது. அப்புறம் மசக்கையில் படுத்திருக்கும்போது அவன் காயத்தைத் தொட்டுப் பார்த்து, அக்காவுக்கு முகம் கொடுக்க முடியாதவளாகக் கலங்குகிறாள். அடுத்து நாம் பார்ப்பது அவள் காட்டுக்குள் நடந்து போவதைத்தான். இடையில் அவளுக்குள் என்ன நடந்தது? அக்காவின் இடத்தில் வந்து உட்கார்ந்த குற்ற உணர்வா, அக்காவின் மகன் ஏற்காத கசப்பா, பிரசவ பயமா? அவள் தனியாக இருக்கும் ஒரே ஒரு காட்சி இருந்திருந்தால் போதும். அது இல்லாததால், பிரசவ அறையில் காகிதக் கீற்றுகள் சுழன்றடிக்க அவள் கத்தும்போது நமக்கு அதிர்ச்சி வருகிறது, வலி வருவதில்லை.

மஹிதோவின் பக்கம் மட்டும் முழுமையாக இருக்கிறது. அவள் காட்டுக்குள் போவதைப் பார்த்தும் அவன் சும்மா இருந்துவிடுகிறான். பிறகு இறந்த அம்மா தன் பெயருக்குக் குறிப்பெழுதி வைத்துவிட்டுப் போன ஒரு நாவலைக் கண்டெடுத்துப் படித்து அழுகிறான். அதற்குப் பிறகுதான் அவளைத் தேடிக் கிளம்புகிறான். அதனால் அதே பிரசவ அறையில் அவன் முதல்முறையாக ‘நட்சுகோ அம்மா’ என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கிறது.

கேள்வி: ட்ரெய்லரில் பார்த்த சாகசம் படத்தில் எங்கே?

ஜப்பானில் ட்ரெய்லரே கிடையாது. நாரை வரைந்த ஒரே ஒரு போஸ்டரோடு படத்தை வெளியிட்டார்கள். ட்ரெய்லர் வெளிநாடுகளுக்காகப் பின்னால் வந்தது, அதில் கோபுரத்துக் காட்சிகளைக் குவித்திருந்தார்கள். அதை நம்பிப் போனவர்களுக்கு வீட்டிலும் தோட்டத்திலும் மெதுவாக நகரும் முதல் பாதி பொறுமையைச் சோதித்திருக்கும்.

கேள்வி: ஜோ ஹிசாய்ஷி இசை என்று போட்டிருக்கிறது, ஒரு மெட்டு கூட வாயில் நிற்கவில்லையே சார்?

வேண்டுமென்றே அடக்கி வாசித்திருக்கிறார். பெரும்பாலும் ஒற்றைப் பியானோ. வாய்விட்டு அழாத ஒரு பையனின் கதைக்கு அதுதான் சரி. எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: அப்படியானால் ஆஸ்கர் கொடுத்தது தவறா?

என் கையில் ஓட்டு இருந்திருந்தால் அதே பட்டியலில் இருந்த ‘ரோபாட் ட்ரீம்ஸ்’ படத்துக்குப் போட்டிருப்பேன். வசனமே இல்லாமல் பிரிவைச் சொன்ன படம் அது. மியாசாகிக்குக் கிடைத்ததில் அறுபது ஆண்டு உழைப்புக்கான மரியாதையும் கலந்திருந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தொடக்கத்தில் மஹிதோ தீயை நோக்கி ஓடும்போது ஆட்களின் உருவங்கள் வெப்பத்தில் இளகி நெளிவதைப் பாருங்கள். கையால் வரையும் அனிமேஷனில் அதற்கு இணையாக நான் பார்த்தது வெகு சில.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. மியாசாகியின் ஜிப்லி ஸ்டூடியோ படம் என்றால் குழந்தைகளுக்குத்தானே என்று போட்டேன், பாதியில் அழுதுவிட்டாள். மறுபடி போடலாமா?

இப்போது வேண்டாம். அம்மா எரிந்துபோகும் தீ, தலையில் கல், ரத்தம், வாராவாரா உயிர்களைத் தின்னும் கூழைக்கடாக்கள், இங்கே இரை வேறில்லை என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகும் ஒரு கிழக் கூழைக்கடா. எட்டு வயதுக்கு இது தாங்காது. ‘மை நெய்பர் டோட்டோரோ’ போடுங்கள். அதிலும் அம்மா மருத்துவமனையில்தான் இருக்கிறார், அக்காவும் தங்கையும் பயப்படத்தான் செய்கிறார்கள், ஆனால் அம்மா பிழைத்துவிடுகிறார். மஹிதோவின் கதையைப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் அவளே கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். கல்லடிக் காட்சி வரும்போது அவள் ஏதாவது கேட்டால் படத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.