கேப்டன் பெல்ட் போட்டிருக்கிறாரா?

கேள்வி: பயணிகளைப் பெல்ட் போடச் சொல்லி இத்தனை முறை அறிவிக்கிறார்களே, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் விமானிகள் போட்டுக்கொள்கிறார்களா? அதை யார் பார்க்கிறார்கள்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போட்டாக வேண்டும் என்பது விதி. விமானி இருக்கையில் இருப்பது கார் பெல்ட் மாதிரி இல்லை. இடுப்புக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து வார்கள் வயிற்றுக்கு நேரே ஒரு வட்டப் பூட்டில் வந்து சேரும். புறப்படும்போதும் இறங்கும்போதும் ஐந்தும் பூட்டியிருக்க வேண்டும். மேலே போன பிறகு தோள் வார்களைக் கழற்றிக்கொள்ளலாம். இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கையை விட்டு எழுந்திருக்கும் வரை அப்படியே இருக்க வேண்டும்.

யார் பார்க்கிறார்கள்? பக்கத்து இருக்கைக்காரர்தான். ஆய்வுக்காக ஒருவர் பின்னால் உட்கார்ந்து வரும் நாளில் எல்லாரும் ஒழுங்காகத்தான் இருப்போம். மற்ற நாட்களில் அது பழக்கத்தைப் பொறுத்தது.

நான் கோ-பைலட்டாகி இரண்டாவது வருஷம், ஐப்பசி மழைக்காலம். சென்னையில் இறங்க வந்துகொண்டிருந்தோம். கேப்டன் இருபது வருஷம் பறந்தவர், நான் மிகவும் மதித்த மனிதர். பின்னால் இருந்த பையிலிருந்து வரைபடத்தை எடுப்பதற்காக இடுப்பு பெல்ட்டை அவிழ்த்தார். பார்த்தேன். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். மேகத்துக்குள் நுழைந்ததும் ஒரே தூக்கு. தலைக்கு மேலே சுவிட்சுகள் இருக்கும் பலகையில் அவர் நெற்றி மோதியது. புருவத்துக்கு மேல் கிழிந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். மீதி வழி நான்தான் ஓட்டி இறக்கினேன். தையல் போட்டுக்கொண்டு வந்தவர், “நீ பார்த்தே இல்ல? சொல்லியிருக்கலாமேப்பா” என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நான் கேப்டன் ஆன பிறகு, எந்தக் கோ-பைலட் என்னோடு வந்தாலும், “என் பெல்ட்டையும் பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

விமானியின் பெல்ட் அவர் உயிரை மட்டும் காப்பதில்லை. 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 81 பயணிகள். புறப்பட்டுப் பதின்மூன்று நிமிஷம், உயரம் சுமார் 17,300 அடி. விமானிகள் இருவரும் தோள் வார்களைக் கழற்றியிருந்தார்கள். கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்பு பெல்ட்டையும் தளர்த்தியிருந்தார். திடீரென்று அவர் பக்கத்து முன்கண்ணாடி மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போனது. காற்று அவரை இழுத்ததில் இடுப்புவரை விமானத்துக்கு வெளியே. கால்கள் மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டன. பணியாளர் நைஜல் ஆக்டன் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கேப்டன் இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். ஆனாலும் விடவில்லை, மாற்றி மாற்றிப் பிடித்திருந்தார்கள். கோ-பைலட் அலஸ்டர் அட்சிசனோ தன் இருக்கையிலேயே இருந்தார். இடுப்பு பெல்ட் அவரைப் பிடித்து வைத்திருந்தது. அந்த இரைச்சலிலும் குளிரிலும் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள், கேப்டனும்தான். சில மாதங்களில் வேலைக்கே திரும்பினார்.

காரணம் தெரிந்தபோது இன்னும் வேதனை. முந்தின நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட மெல்லியவை, மீதி ஆறு நீளம் குறைந்தவை. போல்ட் மாட்டியவரின் தவறை காக்பிட்டில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் கையில் இருப்பது அவருடைய பெல்ட் ஒன்றுதான்.

2018 மே 14 அன்று சீனாவின் சோங்சிங்கிலிருந்து லாசாவுக்குப் போன சிச்சுவான் ஏர்லைன்ஸ் விமானத்திலும் இதேதான் நடந்தது. இம்முறை உயரம் சுமார் 32,000 அடி. வலப்பக்கக் கண்ணாடி உடைந்து, கோ-பைலட் பாதி உடம்போடு வெளியே இழுக்கப்பட்டார். பெல்ட் போட்டிருந்ததால் பிழைத்தார். கேப்டன் லியூ சுவான்ஜியன் செங்டூவில் பத்திரமாக இறக்கினார்.

கேள்வி: பறக்கும்போது விமானி மயங்கிவிட்டால் என்ன செய்வார்கள்?
– வாசகி, ஈரோடு

பதில்: இங்கேயும் பெல்ட்தான் உதவும். மயங்கியவர் முன்னால் சரிந்தால் ஸ்டியரிங் மேல் விழுவார், அதுதான் பெரிய ஆபத்து. அதனால் பணியாளர் ஒருவர் உள்ளே வந்து, அவரைப் பின்னால் சாய்த்து, தோள் வார்களை இறுக்கிப் பூட்டி, இருக்கையையும் பின்னால் தள்ளிவிடுவார். அதற்குள் மற்ற விமானி கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: பெல்ட் விளக்கு அணைந்த பிறகு கழற்றிவிட்டுத் தூங்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வேண்டாம். 2010 மே மாதம் துபாயிலிருந்து புனே போன ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், கேப்டன் கழிப்பறைக்குப் போன நேரத்தில் கோ-பைலட் தன் இருக்கையை நகர்த்தினார். அப்போது கட்டுப்பாட்டுத் தண்டு தவறுதலாக முன்னால் தள்ளப்பட்டு, விமானம் சுமார் 7,000 அடி கீழே பாய்ந்தது. கேப்டன் அவசரக் குறியீட்டை அழுத்திக் கதவைத் திறந்து உள்ளே போய்த்தான் சரிசெய்தார். வானம் தெளிவாக இருந்தாலும் இப்படி நடக்கலாம். தளர்வாகவாவது போட்டுக்கொண்டு தூங்குங்கள். போர்வைக்கு மேலே போடுங்கள், பணிப்பெண் வந்து எழுப்ப மாட்டார்.