மாதம் 4,650 என்றால் சோஃபாவின் விலை என்ன?

கேள்வி: நானும் கணவரும் தனியார் வேலையில் இருக்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 1,28,000 ரூபாய். மகனுக்கு மூன்று வயது. ஏழு மாதங்களுக்கு முன் சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தோம். வீட்டுக் கடன் 52 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். வீட்டுக்கு வேண்டிய பொருட்களை எல்லாம் நோ-காஸ்ட் இ.எம்.ஐ.யில் (வட்டியில்லாத் தவணையில்) வாங்கினோம், அதனால் வட்டிச் சுமை இல்லை. ஆனால் மாடுலர் கிச்சனும் அலமாரிகளும் இன்னும் போடவில்லை. துணிமணி எல்லாம் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது. ஒரு இன்டீரியர் நிறுவனம் 6.8 லட்சம் சொல்கிறது. வங்கியோ வீட்டுக் கடன் மேல் டாப்-அப் (கூடுதல் கடன்) 9 சதவீதத்தில் தரத் தயார் என்கிறது. பெர்சனல் லோன் என்றால் 13 சதவீதம். டாப்-அப் எடுத்தால் வருமான வரியும் மிச்சமாகும் என்கிறார் கணவர். எது நல்லது? மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 10,000 போகும் எஸ்.ஐ.பி. முதலீட்டை நிறுத்த வேண்டுமா? இத்துடன் எங்கள் வரவு செலவை இணைத்திருக்கிறேன். இன்னொன்று, நாத்தனாருக்காக எங்கள் கார்டில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினோம். முதல் மாதப் பணம் மட்டும் தந்தார். இப்போது ஏ.சி.க்கும் கார்டு கேட்கிறார். கணவருக்கு மறுக்க மனசு வரவில்லை.

பதில்: டாப்-அப்பா பெர்சனல் லோனா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் இணைத்த தாளை மேசையில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள், கணவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

அதில் வீட்டுக் கடன் தவணை 45,100. பராமரிப்புக் கட்டணம் 4,500, பையனின் பள்ளி 6,000, வீட்டுச் செலவு 28,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 8,000, காப்பீடுகளுக்கு மாதச் சராசரி 3,500, எஸ்.ஐ.பி. 10,000. கூட்டினால் 1,05,100. மீதி 22,900. இதுவரை நன்றாகவே இருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவர்கள் குறைவு.

தாளின் பின்பக்கம்தான் விஷயம். ஃப்ரிட்ஜ் 4,000. டி.வி. 3,100. சோஃபா 4,650. இரண்டு ஏ.சி. 5,200. கட்டில், மெத்தை 3,400. சிம்னியும் தண்ணீர் சுத்திகரிப்பானும் 1,850. நாத்தனாரின் வாஷிங் மெஷின் 2,650. ஏழு தவணை, மாதம் 24,850. கையில் மிஞ்சுவது 22,900. ஆக மாதாமாதம் இரண்டாயிரம் துண்டு விழுகிறது. அந்த இரண்டாயிரமும், திரைச்சீலை, விளக்கு, உறவினர் வருகை என்று அவ்வப்போது தேய்த்ததும் சேர்ந்துதான் கார்டில் 38,000 ரூபாய் பாக்கியாக நிற்கிறது. அதை நீங்கள் ஒரு ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதி, "மினிமம் டியூ (குறைந்தபட்சத் தொகை) கட்டி வருகிறோம்" என்று பக்கத்திலேயே சமாதானமும் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

ஒரு சின்ன சோதனை. சோஃபாவின் விலை என்ன? தாளைப் பார்க்காமல் சொல்லுங்கள். "மாதம் நாலாயிரத்து அறுநூற்றைம்பது" என்றுதான் வாயில் வரும். அது விலை அல்ல, தவணை. 18 மாதத்துக்குப் பெருக்கினால் 83,700. குடிவந்த வாரத்தில், பதிவுச் செலவெல்லாம் முடிந்து கை காய்ந்திருந்த நேரத்தில், யாராவது உங்களிடம் 83,700 ரூபாயை ரொக்கமாக எண்ணி வைக்கச் சொல்லியிருந்தால் அந்த சோஃபா வீட்டுக்குள் வந்திருக்குமா? பாதி விலையில் ஒன்று வந்திருக்கும், அல்லது இன்னும் ஆறு மாதம் பாயில் உட்கார்ந்திருப்பீர்கள். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் விலையை மாதங்களால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் உங்கள் இருவருக்கும் வந்துவிட்டது. வகுத்துப் பார்த்தால் எல்லாமே மலிவுதான்.

"நோ-காஸ்ட் தானே, வட்டி இல்லையே" என்கிறீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகும் பெயரை மாற்றிக்கொண்டு அதே சரக்கு நடக்கிறது. உங்கள் ஃப்ரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். மாதம் 4,000 வீதம் 12 மாதம், 48,000. வங்கி 15 சதவீத வட்டி போடுகிறது என்று வைத்தால் இதில் அசல் சுமார் 44,300, வட்டி 3,700. அந்த வட்டியைக் கடைக்காரரோ தயாரிப்பாளரோ தள்ளுபடியாகக் கொடுத்துச் சரிக்கட்டுகிறார்கள். அதாவது ரொக்கமாகக் கொடுத்துப் பேரம் பேசியிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கக் கூடிய தள்ளுபடிதான் வட்டியாக வங்கிக்குப் போகிறது. அதோடு முடியவில்லை. வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 660 ரூபாய் சொச்சம். செயலாக்கக் கட்டணம் தனி. ஸ்டேட்மென்டில் இந்த வரிகளைத் தேடிப் பாருங்கள், இருக்கும்.

சரி, அதுகூடப் பெரிய தொகை இல்லை. ஆயிரத்துக்காக நான் இவ்வளவு எழுதவில்லை. என் கவலை அந்த 38,000. உங்கள் கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம். 38,000-க்கு 1,330, ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறத்தாழ 1,570. வருடக் கணக்கில் போட்டால் 50 சதவீதத்தைத் தொடும். கந்துவட்டி என்று வேறு யாரையோ சொல்கிறோம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு கண்ணி உண்டு. போன மாதப் பாக்கியை முழுதாகக் கட்டாதவர்களுக்கு, புதிதாக வாங்கும் பொருட்களுக்கும் அந்த 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. நீங்கள் மளிகை, பெட்ரோல், மருந்து எல்லாவற்றுக்கும் அதே கார்டைத்தான் தேய்க்கிறீர்கள். அப்படியானால் அரிசி பருப்புக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் தப்பும், அவ்வளவுதான்.

எனவே முதல் வேலை இந்த வாரமே. உங்கள் மியூச்சுவல் ஃபண்டில் 1.9 லட்சம் இருக்கிறது. அதில் ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுகளில் 38,000 ரூபாய்க்கு விற்றுக் கார்டு பாக்கியை ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள். பங்குசார்ந்த ஃபண்டில் நீண்டகால லாபம் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, உங்களுக்கு அந்த எல்லை எட்டாத தூரம். மீதி 1.5 லட்சத்தைத் தொடாதீர்கள். இப்போதைக்கு அதுதான் உங்கள் அவசர நிதி. நல்ல ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேறு எதுவும் உங்களிடம் இல்லை.

எஸ்.ஐ.பி.யை நிறுத்துங்கள். இதை நான் லேசில் சொல்கிறவன் அல்ல. கணவரின் நண்பர் ஒருவர் "வட்டியில்லாத் தவணையில் பொருளை வாங்கு, கையிலிருக்கும் காசைச் சந்தையில் போடு, 12 சதவீதம் கிடைக்கும், அதுதான் புத்திசாலித்தனம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாதம் இப்போது எல்லார் கைபேசியிலும் சுற்றுகிறது. கார்டு பாக்கியை மாதாமாதம் முழுதாகக் கட்டுகிறவருக்கு வேண்டுமானால் அது ஓரளவு பொருந்தும். ஐம்பது சதவீதத்தில் கடனை வைத்துக்கொண்டு பன்னிரண்டை எதிர்பார்த்து முதலீடு செய்கிறவருக்கு என்ன பெயர் என்று அந்த நண்பரிடமே கேளுங்கள்.

இப்போது டாப்-அப். 6.8 லட்சம், 9 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் 6,120 வரும். பார்த்ததும் லேசாக இருக்கும். மொத்தம் கட்டுவது 14.68 லட்சம். பெர்சனல் லோன் 13 சதவீதத்தில் ஐந்து வருடம் என்றால் மாதம் 15,470, மொத்தம் 9.28 லட்சம். குறைந்த வட்டிக் கடனில் வட்டி மட்டும் 7.9 லட்சம், அதிக வட்டிக் கடனில் 2.5 லட்சம். சதவீதத்தை மட்டும் பார்த்து வருடங்களைப் பார்க்காவிட்டால் இப்படித்தான். மாறும் வட்டி என்றால் டாப்-அப்பை முன்கூட்டியே அபராதமின்றி அடைக்கலாமே என்று கேட்கலாம். அடைக்கலாம். ஆனால் மாதம் இரண்டாயிரம் துண்டு விழும் வீட்டில் எதைக் கொண்டு அடைப்பீர்கள்? உங்கள் பையன் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் இந்தச் சமையலறைக் கதவுகளுக்குத் தவணை போய்க்கொண்டிருக்கும். அந்தக் கதவுகள் அதற்குள் ஒரு தடவையாவது மாறியிருக்கும்.

வரி மிச்சம் என்பது ஒரு வரியில் முடியும். 52 லட்சத்துக்கு முதல் வருட வட்டியே ஏறத்தாழ 4.4 லட்சம், பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்குக் கழிவின் உச்சவரம்பு 2 லட்சம், அது ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. புதிய முறையில் அந்தக் கழிவே கிடையாது. டாப்-அப்பால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது.

ஆக இரண்டு கடனும் வேண்டாம். அப்படியானால் அட்டைப்பெட்டியிலேயே குடும்பம் நடத்தச் சொல்கிறேனா? இல்லை. உங்கள் தவணைகளில் டி.வி. இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. சிம்னி நான்கில், ஃப்ரிட்ஜ் ஐந்தில், கட்டில் ஏழில், ஏ.சி. எட்டில், வாஷிங் மெஷின் ஒன்பதில், சோஃபா பதினொன்றில். ஒன்று முடிந்த இடத்தில் இன்னொன்றை உட்கார வைக்காமல் இருந்தால் போதும். எஸ்.ஐ.பி.யை நிறுத்தியதால் முதல் மூன்று மாதம் கையில் 8,050 வீதம் நிற்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று, பன்னிரண்டாம் மாதம் 32,900 நிற்கும். மாதவாரியாகக் கூட்டிப் பார்த்தேன், ஒரு வருடத்தில் சுமார் 2.18 லட்சம் சேர்கிறது. சம்பள உயர்வோ போனஸோ இதில் சேரவில்லை. அந்தப் பணத்தைச் சம்பளக் கணக்கில் விடாமல் வேறு வங்கியில் ரெக்கரிங் டெபாசிட்டாகப் போடுங்கள்.

விலைப்பட்டியலில் கிச்சன் 2.6 லட்சம், இரண்டு அலமாரி 2.1, டி.வி. யூனிட்டும் ஃபால்ஸ் சீலிங்கும் 1.4, ஷூ ரேக், பூஜை அலமாரி 0.7 என்று பிரித்திருக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கை அடித்துவிடுங்கள். ஒன்பதரை அடி உயரத்தை எட்டே முக்கால் ஆக்கக் காசு கொடுக்கும் வழக்கம் எப்படித்தான் வந்ததோ. பையன் அறைக்கு மட்டும் இப்போது ஒரு இரும்பு பீரோ வாங்கிப் பெட்டிகளைக் காலி செய்யுங்கள். ரொக்கத்தில், இரண்டாம் மாதம். அடுத்த வருடம் கிச்சன், அதன் பிறகு அலமாரிகள். தச்சரைத் தனியாக விசாரித்து மரம், கூலி, கீல் என்று பிரித்து விலை கேளுங்கள். தண்ணீர் படும் இடத்துக்கு, ஈரம் தாங்கும் பலகைக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள பிளைவுட்டா என்று பலகையிலேயே பாருங்கள், பேச்சில் அல்ல.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. புது ஃப்ளாட் ஒரு முழு வடகிழக்குப் பருவமழையைப் பார்க்கட்டும். எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எந்த மூலையில் கசிகிறது என்று அப்போதுதான் தெரியும். ரெரா என்ற வீடு-மனை ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சுவரை அலமாரியால் மூடிவிட்டால் நீங்கள் குறையையும் பார்க்க மாட்டீர்கள், பலகையும் உளுத்துப்போகும்.

கடைசியில் நாத்தனார். இதைப் பற்றி நீங்கள் இரண்டே வரி எழுதியிருந்தாலும், கடிதத்தில் கையெழுத்து நெளிவது அந்த இடத்தில்தான். வாஷிங் மெஷினுக்கு இன்னும் ஒன்பது தவணை, 23,850 ரூபாய். அது வராது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், மேலே நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். மாதாமாதம் கேட்டு வாங்கும் உறவு கசக்கும். வந்தால் சந்தோஷம். ஆனால் ஏ.சி. கூடாது. கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடன்காரர், பொருள் யார் வீட்டில் ஓடுகிறது என்று வங்கி கேட்காது. அவரும் கெட்டவர் இல்லை. உங்கள் வீட்டில் தவணை தவணையாகப் பொருள் வந்து இறங்குவதைப் பார்த்தவருக்கு, உங்களுக்குப் பணக் கஷ்டம் என்று எப்படித் தெரியும்?

மறுப்பை உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும், அவருடைய தங்கை. நீங்கள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும். அவருக்குக் கூச்சமாக இருந்தால் ஒரு வழி: வங்கியைக் கூப்பிட்டுக் கார்டின் வரம்பை 60,000-ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் குறைப்பார்கள். ஓடும் தவணைகளின் அசல் அதைவிடக் கூடுதலாக இருக்கும்வரை வங்கி கொஞ்ச மாதம் காத்திருக்கச் சொல்லலாம், அதுவரை கைபேசியில் கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். அப்புறம் "கார்டில் இடமில்லைம்மா" என்று அண்ணன் சொல்வது பொய்யாகாது. மனசு கேட்காவிட்டால் அடுத்த விசேஷத்துக்கு ஐயாயிரம் ரொக்கமாகக் கையில் கொடுக்கட்டும்.

இன்டீரியர் நிறுவனத்தின் தாளில் "இந்த மாத இறுதிக்குள் முன்பணம் செலுத்தினால் 10 சதவீதம் தள்ளுபடி" என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறார்களே, அதற்காகப் பதற வேண்டாம். அடுத்த மாதம் 5-ஆம் தேதி போன் செய்து கேட்டுப் பாருங்கள். பத்து பன்னிரண்டாகியிருக்கும்.