விரல் எரிச்சல் சரியாகிவிடும், சுண்டு விரலைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 51 வயது. 7 வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மகள் விட்டுப்போன கிடாரை எடுத்து மூன்று வாரமாகப் பழகுகிறேன், தினமும் இரவு ஒரு மணி நேரம். இடது கை விரல் நுனிகள் எரிகின்றன, தோல் உரிகிறது. ஒரு வாரமாகக் காலையில் எழும்போது சுண்டு விரல் மரத்துப்போய் இருக்கிறது. இந்த வயதில் இது வேண்டாத வேலையா, டாக்டர்?

பதில்: நல்ல வேலைதான், விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தொந்தரவுகள் கலந்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

விரல் நுனி எரிச்சல் எல்லோருக்கும் வரும். கம்பி அழுத்த அழுத்தத் தோலின் மேலடுக்கு தடித்துக் காய்ப்பு காய்க்கும். வீணை வாசிப்பவர்களின் இடது கை விரல்களில் பார்த்திருப்பீர்கள். இன்னும் சில வாரங்களில் உங்களுக்கும் காய்த்துவிடும். அதுவரை உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். குளித்தவுடனும் பாத்திரம் கழுவியவுடனும் தோல் ஊறியிருக்கும், அப்போது வாசிக்க வேண்டாம். சர்க்கரை இருப்பதால், தோல் வெடித்தாலோ கொப்புளம் வந்தாலோ ஆறும்வரை கிடாரைத் தொடாதீர்கள். காய்ப்பு சீக்கிரம் வரட்டும் என்று விரலில் ஒட்டுப் பசை தடவச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

சுண்டு விரல் மரப்பதுதான் எனக்குக் கவலை. முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அங்கே ஓடும் அல்நார் நரம்புதான் சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. முழங்கையை நன்றாக மடக்கினால் அந்த நரம்பு இழுபடும், நசுங்கவும் செய்யும். நீங்கள் ஒரு மணி நேரம் இடது கையை மடக்கி வாசித்துவிட்டு, அநேகமாகக் கையை மடக்கிக்கொண்டே தூங்கவும் போகிறீர்கள். காலையில் விரல் மரத்திருப்பதற்கு அது போதும். (கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்தால் அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம் வரும்.)

கிடார் பழகுகிறவர் கை வலி என்று வந்தால் கிடாரையும் எடுத்துவரச் சொல்வேன். போன வருடம் வந்த ஒருவர் சி கார்டு (சில கம்பிகளை ஒன்றாக அழுத்தும் ஒரு பிடி) பிடித்துக் காட்டினார். கிடாரின் கழுத்துக்குப் பின்னால் இருந்த கட்டை விரல் நகம் வெளுத்திருந்தது, இடது தோள் காது வரை ஏறியிருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்தியதால் கம்பி கிரீச்சிட்டது, கிரீச்சிட்டதால் இன்னும் அழுத்தினார். விரலை ஃப்ரெட்டை ஒட்டி நகர்த்தச் சொன்னேன். பாதி பலத்திலேயே சத்தம் தெளிவாக வந்தது. நீங்களும் செய்து பாருங்கள். அப்புறம் கிடாரையும் ஒரு பார்வை பாருங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நின்றால், கிடார் கடையில் கொடுத்து இறக்கித் தரச் சொல்லுங்கள். மெல்லிய கம்பி செட்டும் போட்டுக்கொள்ளலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் கிடாரின் குறையைத் தன் விரலின் குறை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம், காலையும் மாலையும் 15 நிமிடம் வாசியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை நீட்டித் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு வளையக் கூடாது. ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் எஃப் கார்டு இப்போதைக்கு வேண்டாம். இரவில் இடது முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுத்தால் கை மடங்காது. நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

கும்பிடுவது போல இரு கைகளையும் சேர்த்துப் பாருங்கள். விரல்கள் ஒட்டாமல் நடுவில் இடைவெளி தெரிந்தால், சர்க்கரையால் மூட்டுகள் இறுகியிருக்கலாம். அதை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் நரம்பைப் பாதிக்கும். எனவே மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி பரிசோதனையுடன் பி12-உம் பார்த்துவிடுங்கள்.

நான் சொன்னதையெல்லாம் செய்தும் மூன்று வாரத்தில் மரப்பு போகவில்லை என்றால் நேரில் காட்டுங்கள். பகல் முழுக்க மரத்திருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடவும் பூட்டில் சாவியைத் திருப்பவும் கை தடுமாறினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம், கிடாரை நிறுத்திவிட்டு உடனே போங்கள். நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.

இன்னொன்று, வீட்டில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்ப்பீர்கள் அல்லவா? இனி வலது கை விரலில் குத்துங்கள், அதுவும் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில். இடது கை விரல்கள் கம்பிக்கு இருக்கட்டும்.