2 வயதுக் குழந்தைக்கு காக்ளியர் இம்பிளாண்ட் (காது கேட்க உள்காதில் பொருத்தும் மின்கருவி) வைக்கச் சொல்கிறார்கள், வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. எப்படி முடிவெடுப்பது?

"தாத்தாவே நாலு வயசுலதான் பேசினாரு, பொறுத்துப் பார்ப்போம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பேச்சு தாமதமாவது வேறு, உங்கள் குழந்தைக்கு வந்ததுபோல் இரண்டு காதிலும் பெரா பரிசோதனையில் (ஒலிக்கு நரம்பும் மூளையும் காட்டும் மின்னலையைப் பதியும் சோதனை) அலை வராதது வேறு.

முதலில், பெராவோடு நடுக்காதின் நிலையைக் காட்டும் டிம்பனோமெட்ரியும் எடுத்தார்களா என்று பாருங்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் பெரா உள்ளதைவிட மோசமாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் சளி விட்ட பிறகு வேறோர் இடத்தில் மறுபடி எடுங்கள். குழந்தை தூங்கினால்தான் எடுக்க முடியும். அதனால் அன்று சீக்கிரம் எழுப்பி, ஆட்டோவில் கண்ணசர விடாமல் கூட்டிப்போங்கள்.

காத்திருப்பதில் நியாயமானது ஒன்றுதான்: ஹியரிங் எய்டைச் சரியாக டியூன் செய்து, பொதுவாக 3 மாதம் போட்டுப் பார்ப்பது. அதற்குள் சிடி, எம்ஆர்ஐ இரண்டையும் முடித்துவிடுங்கள். எம்ஆர்ஐயில் கேட்கும் நரம்பே இல்லையென்று தெரிந்தால் இம்பிளாண்டால் பெரும்பாலும் பயனில்லை. வீட்டு வாக்குவாதத்துக்கும் வேலையில்லை. நிமோகாக்கல் தடுப்பூசி அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். ஏனென்றால் இம்பிளாண்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் வைத்துக்கொள்ளலாம். "ஆறு வரைக்கும் டைம் இருக்கே" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பும். அது திட்டத்தின் வயது வரம்பு, அவ்வளவுதான். ஒலியைப் பிரித்தறிய மூளை நன்றாகப் பழகுவது 3 வயதுக்குள்.

"மண்டையைத் திறப்பாங்களா?" என்ற பயத்துக்கும் டாக்டரிடமே விளக்கம் கேளுங்கள், பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்து. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில்தான் துளையிடுவார்கள். முகநரம்பு அருகிலேயே ஓடுவதால் அதற்கு ஆபத்து உண்டா, எப்படிக் கண்காணிப்பார்கள் என்பதையும் தயங்காமல் கேட்கலாம்.

உண்மையான சிக்கல் ஆபரேஷனுக்குப் பிறகு. சில வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன் செய்வார்கள். அன்றைக்குக் குழந்தை "அம்மா" என்று சொல்லாது, மிரண்டு அழக்கூட அழும். கேட்கும் வயது அன்றுதான் பூஜ்யத்தில் தொடங்குகிறது. தெரபி குறைந்தது ஒரு வருடம். வகுப்பு வாரத்துக்குச் சில மணி நேரம்தான், மீதியெல்லாம் வீட்டில். குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவியின் வெளிப்பகுதி தலையில் இருக்க வேண்டும். பிள்ளையின் அம்மா வேலையை விடுவார் என்று அவரைக் கேட்காமலே தீர்மானிக்கும் வீடுகள்தான் அதிகம். வகுப்புக்கு யார் கூட்டிப்போவது, எந்தக் கிழமை என்று இப்போதே எழுதி வையுங்கள். பெயர் எழுத ஆளில்லையென்றால் ஆபரேஷன் தேதி வாங்காதீர்கள்.

செலவும் தொடரும்: கேபிள், பேட்டரி, வாரண்டி முடிந்தபின் பழுது. சென்னை வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் அந்த வெளிப்பகுதியைத் தினமும் இரவு ஈரம் உறிஞ்சும் டிரை பாக்ஸில் வைத்தே ஆக வேண்டும்.

வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் சும்மா இருக்கக்கூடாது. சைகை மொழியை உடனே தொடங்குங்கள். காது கேளாத சிறு குழந்தைகளுக்குச் சைகையில்லாமல் பேச்சு வழியே கற்பிக்கும் அடையாறு பால வித்யாலயா பள்ளி, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான முட்டுக்காடு நிப்மெட் இரண்டிலும் சிறு குழந்தைகளுக்கான பயிற்சி பற்றி விசாரிக்கலாம். எந்த முடிவுக்கும் முன், ஒரு தெரபி வகுப்பில் அனுமதி வாங்கிக் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். வெளியே காத்திருக்கும் அம்மாக்களிடம் கடைசியாகக் கேபிள் மாற்ற எவ்வளவு ஆனது, எத்தனை நாள் கருவி இல்லாமல் ஓட்டினார்கள் என்று கேளுங்கள்.